தளபதிக்குப் பதில் தோன்றாத பாட்டு

மொன்தெக்ரோசா கோட்டை அடிவாரம், பாசறை
1243, செப்டம்பர் 9. மாதா பிறந்த திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அதலாசியாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். உன் கல்யாணத்தன்று கோயில் வாசலில், எல்லோரும் பொரித்த மீனுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இந்த மாப்பிள்ளை ஒருநாள் தப்பான சுவரில் ஏறி நிற்பான் என்று சொன்னேனா இல்லையா? நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். இரண்டு வருஷமாக மாமன் ஒருத்தன் இருக்கிறானா செத்தானா என்று ஒரு வரி எழுதவில்லை. போகட்டும். எனக்குப் பெரிய மனசு. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சார்தீனியாவுக்குப் போகிற கப்பலில் காவல் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினானே உன் புருஷன் வஸ்ஸாலோ, அவன் சார்தீனியாவில் இல்லை. நேற்று அவனை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நாங்கள் முற்றுகை போட்டிருக்கும் கோட்டையின் மேல், அந்தக் கோட்டைக்கு உடையவரும் எங்கள் எதிரியுமான மார்க்கீஸ் தெதீசியோவின் கூலிக்கு, குறுக்குவில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்பாய். நம் ஜெனோவாப் படையை நடத்துகிற தளபதி ரூபால்தோவுக்கு நான்தான் பாட்டுக்காரன். இடது காது இல்லாதவர், நீ ஊர்வலத்தில் பார்த்திருப்பாய். வருகிற வழியில் இரண்டு மாவு ஆலைகளைக் கொளுத்தினார். மூன்றாவது ஆலைக்கு முன்னால் குதிரையை நிறுத்திவிட்டுச் சேணத்தின் மேல் விரலால் தட்டித் தட்டி அசை எண்ண ஆரம்பித்துவிட்டார். வரி சரியாக விழுவதற்குள் படை அந்த ஆலையைக் கடந்துவிட்டது. ஆலைக்காரன் இன்றுவரை அது எந்தப் புனிதரின் அருள் என்று தெரியாமல் எல்லோருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறானாம். பாட்டெல்லாம் புரோவென்ஸ் மொழியில்தான். "நம்ம பேச்சு மீன் வாங்கத்தான்யா லாயக்கு. காதலிக்கணும்னாலும் திட்டணும்னாலும் அந்த பாஷைதான்" என்பார். மார்செய் துறைமுகத்தில் மூன்று வருஷம் உப்பு சுமந்த எனக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் என்னைத் தேடிவந்து கெஞ்சி இந்த வேலையில் வைத்தார்கள்.

வேலை இதுதான். பச்சைக் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் அகழி ஓரம் போய் நிற்பேன். இரண்டு பக்கமும் அம்பு நிற்கும். தளபதி எழுதிய பாட்டைப் பாடுவேன். அதே மெட்டில், வரிக்கடைசியில் அதே ஓசை வருகிற மாதிரி, மார்க்கீஸ் பதில் எழுதிப் பாடச்சொல்லி அனுப்ப வேண்டும். பாட்டைக் கொண்டுவந்தவன் எவனாக இருந்தாலும், அதற்குப் பதில் போய்ச் சேருகிறவரை அவன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. இந்தப் பெரிய மனிதர்கள் கொள்ளையடிப்பார்கள், கொளுத்துவார்கள், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் மீறமாட்டார்கள். மீறினால் அடுத்தவன் அதைப் பாட்டாகக் கட்டிவிடுவான், அப்புறம் தலைமுறைக்கும் போகாது. நேற்று நான் பாடியது, நம் பேச்சில் சொன்னால், இது:

கொடி மெலிந்து தொங்குது, மார்க்கீஸே,
கோழியும் மெலிந்ததோ உள்ளே?
கதவைத் திறவும், விருந்துக்கு வருகிறேன்,
காத்திருந்தே தேய்ந்ததென் வாளே.

பாடி முடித்துத் திரும்பும்போது மேலேயிருந்து, "மாமா, மாமா" என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தால் உன் ஆள்.

"என்ன மாப்ளே, சார்தீனியா இவ்ளோ உயரத்துலயா இருக்கு?" என்று கேட்டேன். அவனோடு நின்ற வில்லாட்களெல்லாம் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அதலாசியாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான்.

சொல்லமாட்டேன் என்று புனித ஜார்ஜின் மேல் சத்தியம் செய்தேன். வாயால் சொல்லவில்லை, பார்.

இன்னொன்றும் உண்டு. அதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பாசறை போட்ட முதல் நாளே தளபதி சுவிசேஷத்தின் மேல் கை வைத்துப் படைக்கு முன்னால் ஒரு சத்தியம் செய்திருக்கிறார். நம் நகரத்தில் பிறந்துவிட்டு எதிரிச் சுவரில் வில் பிடித்தவன் யாராக இருந்தாலும், கோட்டை விழுகிற அன்று அவன் வலது கை போய்விடும். உள்ளே நம் ஊர்க்காரர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள். நவம்பரில் வருகிற புனித மார்ட்டின் திருநாளுக்குள் கோட்டை விழும். இதையும் முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

நீ பயப்படாதே. மாமன் இங்கே இருக்கிறேன். என்னைக் கேட்காமல் தளபதி மூக்குச் சிந்துவதில்லை. மோசே மூன்றே பாட்டில் எரிகோவின் சுவரை இடித்தார், நான் ஒரே பாட்டில் ஒரு கையைக் காப்பாற்ற மாட்டேனா?

உன் தாய்மாமன்,
ஓஜேரியோ

❖

ஜெனோவா, கயிறு திரிப்போர் தெரு
1243, செப்டம்பர் 18

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை உப்பு ஏற்றிக்கொண்டு வருகிற கழுதைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மூலை நனைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

கல்யாணத்தன்று நீங்கள் சொன்னது வேறு. "மாப்பிள்ளைக்குக் காது பெருசு, ஆயுசு கெட்டி" என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதற்காகவும் இல்லை. போப்பாண்டவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டதாக என் மாமியாரிடம் சொன்னீர்களே, அதற்காக. அந்த அம்மா இன்றுவரை அதை வைத்து என்னைக் கேலி செய்கிறார். எரிகோவை இடித்ததும் மோசே இல்லை, யோசுவா. அப்பா உங்களைத் தன்னுடைய பத்திர எழுத்தர்களோடு உட்காரவைத்துப் படிக்கச் சொன்னபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான்.

இவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதித்தான் தெரியும். என் அண்ணன் இப்படி ஒரு மலைக்கோட்டைச் சுவரில்தான் செத்தான். அதனால் கடல் வேலையென்றால் போங்கள், தரையில் கூலிக்கு வில் பிடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டு முடித்திருப்போம். இவர் வாயே திறக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, கப்பல் காத்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மலைக்குப் போயிருக்கிறார். அந்தக் கப்பலுக்காக நான் ஆறு வாரமாகத் துறைமுகத்துக்குப் போய்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்கு அவரிடம் நான் பேச வேண்டியதைப் பேசிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை வேண்டும் மாமா. வில்லுக்கு நாண் முறுக்குகிற கை அது. சணலைக் கண்ணால் பார்க்கமாட்டார், விரலால் ஒரு தடவை தடவிவிட்டு இந்த இடத்தில் அறும் என்பார். அந்த இடத்தில்தான் அறும். அந்தக் கை இல்லாமல் அவர் வீட்டுக்கு வந்தால், அவரை என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எனக்கு மூன்று விஷயம் எழுதுங்கள். காயம் ஏதாவது பட்டிருக்கிறதா, சாப்பிட ஏதாவது இருக்கிறதா, தளபதி அந்தச் சத்தியத்திலிருந்து இறங்கிவர வழி இருக்கிறதா. எதையும் கூட்டாமல் எழுதுங்கள்.

அதலாசியா

❖

பாசறை
1243, செப்டம்பர் 30; புனித மிக்கேல் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அதலாசியாவுக்கு,

கூட்டாமல் எழுது என்கிறாய். சமையல்காரனிடம் போய் உப்பைத் தொடாதே என்கிற மாதிரி இருக்கிறது. சரி, உனக்காக.

காயம் இல்லை. உள்ளே கஷ்கொட்டை மாவில் அடை தட்டிச் சாப்பிடுகிறார்கள், கூடவே உப்பு நெத்திலி. கொஞ்சம் இளைத்திருக்கிறான், காது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தளபதி சத்தியத்திலிருந்து இறங்கி வரமாட்டார். அவரை இறக்க முடியாது. ஆனால் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பன்னிரண்டு நாளாகக் கோட்டையிலிருந்து பாட்டு வராமல் இருந்தது. தளபதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏணியெல்லாம் தயாராக இருக்கிறது, ஆனால் ஏற உத்தரவு கொடுக்கவும் மாட்டார். பதில் வருவதற்குள் ஏணி வைத்தால், ரூபால்தோ சொல்லால் முடியாமல் மரத்தால் ஜெயித்தான் என்று பேசுவார்களாம். கூடாரத்துக்கும் அகழிக்குமாக நடந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தாளு செத்துக்கித்துப் போயிட்டானா, போய்ப் பாருய்யா" என்றார். ஜெயிக்க வந்தவருக்கு எதிரியின் உடம்பைப் பற்றி அவ்வளவு கவலை.

நான் கிளையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"மார்க்கீஸ் ஏன் வாயை மூடிக்கிட்டாரு மாப்ளே?"

"எழுதித்தான் வச்சிருக்காரு மாமா. பாடத்தான் ஆளில்ல. பாட்டுக்காரன் காய்ச்சல்ல போயிட்டான்."

எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

"அப்ப நீ பாடு."

"நானா? நான் பாடினா தெருநாய்கூட எந்திரிச்சுப் போயிடும். அந்த பாஷையும் தெரியாது."

"இப்ப இருக்கிற நெலமைல மார்க்கீஸ் ஒரு ஆடு கெடச்சாலும் பாட வைப்பாரு. வில்லோட நின்னா வில்லாளு, கிளையோட நின்னா பாட்டுக்காரன். ஒனக்கு எது வேணும், நீயே யோசி."

மார்க்கீஸே மூன்று நாள் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லாக வாயில் ஊட்டியிருக்கிறார். நேற்றுக் காலை வந்து நின்றான். எண்ணெய் போடாத கதவு திறக்கிற குரல் அவனுக்கு, அது உனக்கே தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் கூட இருக்கிற பத்து வில்லாட்களையும் பல்லவிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டான். தளபதி எடுத்திருப்பது நடன மெட்டு, ஒவ்வொரு வரிக்கும் பல்லவி திரும்பத் திரும்ப வரும், அது இல்லாவிட்டால் மெட்டே நிற்காது. இவன் ஒரு வரி முனகுவான், பத்துப் பேரும் சேர்ந்து பல்லவியைத் தூக்கிக்கொள்வார்கள். நம் பேச்சில் அந்தப் பாட்டு இதுதான்:

வாள்பிடித்த கையால் வரிபிடிக்க வந்தவரே,
வளைத்துக்கொண்டீர் மலையை, வாசலில் பாடுகிறீர்.
என் சுவர் விழும், அறிவேன். ஏணி ஏறும், அறிவேன்.
எல்லாம் விழுந்தபின்னே எவர்கேட்கப் பாடுவீர்?

தளபதி கூடார வாசலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குரல் கொடுமைக்காக மூடினார் என்று நினைத்தேன். இல்லை. முடிந்ததும், "இன்னொரு தடவ பாடச்சொல்லு" என்றார். இரண்டாவது தடவை கேட்டுவிட்டு உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. மெழுகுப் பலகையில் எழுதுகிறார், தேய்க்கிறார், எழுதுகிறார், தேய்க்கிறார். நான் இரண்டு நல்ல வரி சொல்லிக் கொடுத்தேன். பலகையை என் மேல் எறிந்தார்.

அவருடைய வரிகளை நான் அகழி ஓரத்தில் கொஞ்சம் சீர்திருத்தித்தான் பாடுவது வழக்கம். ஒரு மாமியாரைச் சேர்ப்பேன், ஒரு கழுதையைச் சேர்ப்பேன். இல்லாவிட்டால் மேலே நிற்கிறவர்களுக்கு எட்டாது. அது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் நன்றி சொல்வார்.

புரிகிறதா? உன் புருஷன் கொண்டுவந்த பாட்டுக்கு இன்னும் பதில் போகவில்லை.

ஓஜேரியோ

❖

ஜெனோவா
1243, அக்டோபர் 14

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள், எங்கள் தெரு வழியாகத்தான் கல்லெறி பொறியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். இருபது ஜோடி மாடுகள். ஒரு சட்டம் எங்கள் வீட்டு ஓட்டில் இடித்துவிட்டுப் போனது. தெருவே கைதட்டியது. நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் பார்ப்பார்கள். ஆகவே கோட்டை விழும். உங்கள் தளபதி வரி தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், நகரசபை அவருக்காக உட்கார்ந்திருக்காது.

அந்த வழக்கம் நிற்குமா மாமா? விருந்தில் நிற்கும், சரி. கை வெட்டுகிற கட்டைக்கு முன்னால் நிற்குமா?

பக்கத்து வீட்டு கிசோல்ஃபாவின் புருஷனும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா என்ன எழுதியிருக்கிறார் என்று தினமும் கேட்கிறாள். உயிரோடு இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். என் புருஷனுக்கு ஒரு கிளை கிடைத்திருக்கிறது, உன் புருஷனுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் எனக்கு அரைத் தட்டு கடலைமாவு அடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆனாலும் நான் இவருக்காக மட்டும்தான் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த மாமா ஒருத்தர்தான் அங்கே இருக்கிறார், ஒருத்தருக்குத்தான் கேட்க முடியும்.

கேட்பது இதுதான். வரிசையில் நிறுத்துகிற அன்று நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இவர் வாயைத் திறக்கமாட்டார். கையை நீட்டு என்றால் நீட்டிவிடுவார். நீங்கள் சொல்லுங்கள், இவன் பாட்டுக்காரன், இவன் கொண்டுவந்த பாட்டுக்கு இன்னும் பதில் போகவில்லை என்று. கதை கட்ட வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னாலே போதும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, நடந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

இதோடு காய்ந்த அத்திப்பழம் வைத்திருக்கிறேன். முடிந்தால் சுவருக்கு மேலே எறியுங்கள். முடியாவிட்டால் நீங்கள் சாப்பிடுங்கள்.

அதலாசியா

❖

பாசறை
1243, நவம்பர் 13

அன்புள்ள அதலாசியாவுக்கு,

புனித மார்ட்டின் திருநாளுக்குள் கோட்டை விழும் என்று சொன்னேன். திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் விழுந்தது. இனிமேலாவது மாமன் சொன்னால் கேள்.

கை இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி. முன்னால் சொல்லிவிட்டால் கதையின் ருசி போய்விடும், ஆனாலும் உனக்காக விட்டுக்கொடுத்தேன்.

கல்லெறி பொறி ஆறு நாளில் வடக்கு மூலையைப் பெயர்த்தது. ஏழாவது நாள் மார்க்கீஸ் சாவியை ஒரு கூடைக் கஷ்கொட்டையின் மேல் வைத்து அனுப்பினார். தளபதி அவரைக் கட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. தன் பக்கத்தில் உட்காரவைத்து விருந்து கொடுத்தார். இரண்டு பேரும் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முழுக்க ஓசையும் அசையும்தான். நடுவில் மார்க்கீஸ், "எல்லாம் சரி, என் மாமியாரை ஏன் இழுத்தீங்க? அவங்க செத்து ஒம்பது வருஷம் ஆச்சு" என்று கேட்டுவிட்டார். தளபதி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை. கலைஞர்களுக்குள் கருத்து வேறுபாடு வருவது சகஜம். பாட்டுக்காரன் வேலையை நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன், இப்போது கோவேறு கழுதைகளை மேற்பார்வை செய்கிறேன்.

மறுநாள் காலை பதினோரு பேரையும் வரிசையில் நிறுத்தினார்கள். முன்னால் கட்டை, பக்கத்தில் பாசறைக் கசாப்புக்காரன், கொதிக்கிற தார்ச்சட்டி. தளபதி வந்தார். "பாடினவன் எவன்?" என்று கேட்டார். வஸ்ஸாலோவைக் காட்டினார்கள்.

"ஓம் பாட்டுக்கு நான் இன்னும் பதில் எழுதல. நீ இந்தப் பக்கம் வா" என்றார்.

கணக்கப்பிள்ளை சுவிசேஷத்தை நீட்டிச் சத்தியத்தை ஞாபகப்படுத்தினான். "சத்தியம் அங்கதான்யா இருக்கு, ஓடிப்போயிடாது. பதில் எழுதின அன்னிக்கு வந்து எடுத்துக்குவேன்" என்றார் தளபதி.

உன் புருஷன் தப்பித்தான். நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் உன் மாமன் அத்தோடு விடுகிற ஆளா? மற்றப் பத்துப் பேரும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் மேலங்கியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மூன்று எட்டு முன்னால் வைத்தேன். மொத்தப் பாசறையும் என்னையே பார்க்கிறது. குதிரைகள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டன.

"பிரபு, ஒருத்தன் தொண்டையில வந்தது பாதிப் பாட்டு. மீதிப் பாதி இந்தப் பத்துத் தொண்டையில வந்தது. பல்லவியில்லாம இந்த மெட்டு நிக்குமா, பக்கத்துல மார்க்கீஸ் இருக்காரு, அவரையே கேளுங்க. பதில் பாக்கியிருக்குன்னா, பதினோரு பேருக்கும்தான் பாக்கி" என்றேன்.

மார்க்கீஸ், "நிக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தளபதி தரையைப் பார்த்தார். வலது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன, அந்தப் பாட்டைத்தான் மனசுக்குள் ஓட்டினார் என்று நினைக்கிறேன். பிறகு, "கட்டைய எடுத்துட்டுப் போங்க" என்றார். பதிலை அவர் எழுதி முடிக்கிற அன்று பதினோரு பேரும் வந்து நின்று கேட்க வேண்டும், அதுவரை அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று கணக்கப்பிள்ளையிடம் எழுதச் சொன்னார். ஆகவே இனிமேல் தளபதிக்கு நல்ல வரி எதுவும் தோன்றக் கூடாது என்று பதினோரு குடும்பமும் வேண்டிக்கொள்ளுங்கள். தோன்றாது. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பத்துப் பேரும் இடிந்த மூலையைக் கட்டுகிறார்கள், கிறிஸ்துமஸ் வரை இங்கேதான். படையில் நாண் அறுந்த விற்களுக்குப் புது நாண் முறுக்க உன் ஆளை மட்டும் முன்னால் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

உன் மாமன்,
ஓஜேரியோ

❖

ஜெனோவா
1243, டிசம்பர் 2

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம், புனித கேத்தரின் நாளன்று வந்து சேர்ந்தார். இரண்டு கையும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

உங்களுக்கு நான் எப்படி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஒருத்தருக்குத்தான் கேட்டேன். நீங்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கிசோல்ஃபாவிடம் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துக் காட்டினேன். "இங்கதான் அந்த மூணு எட்டு வருதா?" என்று கேட்டு, அந்த வரியின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் உங்களைப் பற்றி நான் பேசியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் பதினோரு வீட்டாரும் எங்கள் முற்றத்தில் சேருகிறார்கள். பெரிய நாற்காலி உங்களுக்கு. நீங்கள் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

இவரைப் பற்றி. அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். "அதான் மாமா எழுதியிருப்பாரே" என்றார். கப்பல் பொய்யைப் பற்றிக் கேட்டேன். "தப்புதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. சணல் குவித்திருக்கிற பட்டறையில் படுத்துக்கொள்கிறார். நான் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை.

கிசோல்ஃபா ஒரு கேள்வி கேட்டாள். கெட்ட மனசோடு கேட்கவில்லை. "ஒங்க மாமா பேசுறப்போ ஒம் புருஷன் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?" என்றாள். என்ன சொல்வேன்? தன் கை பிழைத்ததும் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார் என்றா? பொய் சொன்னவரோடு இருந்துவிடலாம் மாமா. கோழையோடும் இருந்துவிடலாம், யாருக்குத்தான் பயமில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. விருந்து முடிந்ததும் சவோனாவில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருக்கிறேன். ஈஸ்டர் வரைக்கும் என்று அவரிடம் சொல்வேன். அதற்கு அப்புறம் என்ன என்று எனக்கே தெரியாது.

அவசியம் வாருங்கள்.

அதலாசியா

❖

பாசறை
1243, டிசம்பர் 9

அதலாசியாவுக்கு,

சவோனாவுக்குப் போகாதே. மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. கட்டும் முன்னால் இது உன் கைக்கு வரவேண்டும் என்று கழுதைக்காரனை இன்றைக்கே விரட்டுகிறேன்.

நான் எழுதியதில் ஒன்று நடக்கவில்லை.

எப்படியும் மற்றவர்கள் ஊருக்கு வந்தால் தெரிந்துவிடும், அதனால் மாமன் முந்திக்கொள்கிறான் என்று நினைக்காதே. தெரியாது. பத்துப் பேரிடமும் நான் முன்னாலேயே பேசி முடித்துவிட்டேன். ஒரு குடம் ஒயின் ஆனது. நான் எழுதினபடியே சொல்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். உன் புருஷனிடமும் கேட்டேன், ஒயின்கூட வேண்டாம் என்றுவிட்டான். "எழுதிக்கோங்க மாமா, ஒங்களுக்கு வேலையும் போச்சு" என்றான்.

விருந்தில் அந்த மாமியார் விஷயம் வெளியே வந்ததும், தளபதி என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். இனிமேல் என் காது கேட்க நீ வாயைத் திறந்தால் நாளைக்கு வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நிற்பாய் என்றார். அவருக்கு இருப்பது ஒரே காது, ஆனால் நல்ல காது. மறுநாள் நான் வரிசைக்குப் பக்கத்தில் இல்லை. கழுதைகளுக்குப் பின்னால் இருந்தேன். நீ கேட்டாயே, பக்கத்தில் நின்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று. உன் கடிதம் என் சட்டைக்குள்தான் இருந்தது. அவன் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. தளபதியே கேட்டார், மற்றவர்கள் காட்டினார்கள்.

"நீ இந்தப் பக்கம் வா" என்று தளபதி அவனிடம் சொன்னார். அது உண்மை. அவன் வரவில்லை.

"காது கேக்கலியா?" என்றார்.

"கேக்குதுங்க" என்றான் உன் புருஷன். "நான் தனியாப் பாடலீங்க. எனக்குத் தனியாப் பாட வராது. இவங்க பத்துப் பேரும்தான் கூடப் பாடினாங்க."

"அவங்க பாடினது பல்லவி."

"ஆமாங்க. பாட்டுல பாதி அதுதாங்க."

"ஒன் கைய விட்டுட்டேன்னு சொல்றேன். அவங்களோட சேத்து வைக்கிறேங்கிறியா?"

அவனுக்குப் பக்கத்தில் கிசோல்ஃபாவின் புருஷன் முதல் ஆளாகக் கட்டைக்கு முன்னால் நின்றான், அவன் கை ஏற்கெனவே கட்டையின் மேல் இருந்தது. உன் புருஷன் தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான். அப்புறம்தான் தளபதி, பல்லவியில்லாமல் மெட்டு நிற்குமா என்று கேட்கிற மாதிரி மார்க்கீஸைத் திரும்பிப் பார்த்தார், மார்க்கீஸ் "நிக்காது" என்றார். மற்றதெல்லாம் நான் எழுதினபடிதான். குதிரைகளைத் தவிர. அவை மென்றுகொண்டுதான் இருந்தன.

விருந்துக்கு வருகிறேன். பெரிய நாற்காலி வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் ஏதாவது கொடு. கிசோல்ஃபா விரல் வைத்துப் பார்த்தாளே, அந்த மூன்று எட்டு, அதை யாருமே வைக்கவில்லை. நான் கழுதைக்குப் பின்னால் குனிந்திருந்தேன். உன் புருஷன் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஓஜேரியோ